மேல்மலை வெள்ளாமை: டெல்டா வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கொடைக்கானல் மேல்மலையில இருக்குற பூம்பாறை ஊரு படமும் மலைப்பூண்டு பத்தி நாலு வரியும் போட்டிருந்தோம், அதுக்கு இவ்ளோ கடுதாசியும் வாட்ஸ்அப்பும் வரும்னு நினைக்கல. எல்லாமே நம்ம காவிரி பாசன ஊர்லேர்ந்து வந்த கேள்விங்க, அதனால இந்த இதழ் முழுக்க மலை கிராமம்தான்.

மன்னார்குடி விவசாயி: ஐயா, அந்த படத்துல வயலெல்லாம் படி படியா இருக்கே, அதுல டிராக்டரை எப்படி எறக்குறாங்க? அறுப்பு மெஷின்லாம் போகுமா?

போகாதுங்க. அங்க முக்கால்வாசி வேலை மம்பட்டியும் கைக்கொத்தும்தான், படி கொஞ்சம் அகலமா இருந்தா சின்ன பவர் டில்லரை நாலு பேர் சேந்து தூக்கி எறக்கி ஓட்டுவாங்க. ஏன்னு புரியணும்னா மொதல்ல நம்ம நிலத்தை யோசிங்க. தஞ்சாவூர் கடல் மட்டத்துலேர்ந்து 60 மீட்டர் உயரம் கூட கிடையாது, அங்கேர்ந்து நாகப்பட்டினம் கடல் கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர், அப்ப ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் எறக்கம் கூட இல்ல. ஒரு முழ வரப்பு போட்டா ஒரு மா (ஏக்கர்ல மூணுல ஒரு பங்கு) நிலத்துல தண்ணி அப்படியே நிக்குது, நமக்கு அது ஆறு கொடுத்த சமதரை, நாம யாரும் வெட்டி உண்டாக்கல.

பூம்பாறை சுமார் 1,900 மீட்டர் உயரத்துல மலைச்சரிவுல உக்காந்திருக்கு. அங்க சமமா ஒரு துண்டு நிலம் வேணும்னா மனுசன் செஞ்சாதான் உண்டு. மேல் பக்கத்தை வெட்டி அந்த மண்ணை கீழ் பக்கம் கொட்டி, அது சரியாம இருக்க கல்லடுக்கி சுவர் கட்டணும். வெட்டுறப்ப மேல் மண்ணை தனியா ஒதுக்கி வெச்சு கடைசியில பரப்பணும், அவசரப்பட்டு அடிமண்ணு மேல வந்துடுச்சுன்னா பல வருஷத்துக்கு அந்த படி சரியா வெளையாது. சுவருக்கு சிமெண்ட் பூசவும் மாட்டாங்க. வெறுங்கல் அடுக்குன்னா மழைத்தண்ணி கல்லு சந்துல கசிஞ்சு வெளிய போயிடும், ஓட்டை விடாம பூசி அடைச்சா உள்ள தண்ணி கட்டி மண்ணு கனத்து சுவரையே தள்ளிட்டு வந்துடும். சரிவு செங்குத்தா ஆக ஆக படி குறுகும், சுவர் உயரும், அதாவது நிலம் கொறைஞ்சு வேலை கூடும். நம்ம பக்கம் ஒரு வேலி, அதாவது 20 மா, ஒரே சமமா கெடக்குறதை பாத்து பழகின கண்ணுக்கு அது படத்துல அழகாத்தான் தெரியும். அதே பரப்பு அங்க எத்தனையோ துண்டா, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு உயரத்துல இருக்கும், ஒரு படியில காலையிலயே வெயில் விழும், அடுத்த மடிப்புல பத்து மணிக்கு மேலதான் விழும்.

அப்புறம் சுமை. எரு, விதை, உரம் எல்லாத்தையும் காட்டுக்கு கொண்டு போகணும் (வயலை அங்க காடுன்னுதான் சொல்வாங்க), வெளைஞ்சதை ரோட்டுக்கு கொண்டு வரணும், தலைச்சுமை இல்லன்னா குதிரை. ரோடு மேல இருந்து காடு கீழ இருந்துச்சுன்னா வெளைச்சல் மொத்தமும் ஏத்தத்துல ஏறித்தான் வரணும்.

திருத்துறைப்பூண்டி வாசகர்: நாங்க கடைமடை. மேட்டூர் தொறக்கலன்னா வானத்தை பாத்துட்டு நிக்கிறோம். மலையில இருக்குறவங்களுக்கு மழை கொட்டுது, தண்ணி கஷ்டம்னு ஒண்ணு இருக்குமா?

இருக்குங்க, நல்லாவே இருக்கு. மழை பெய்யுற எடம் வேற, தண்ணி நிக்கிற எடம் வேற. சரிவுல விழுற மழை அடுத்த ஓடைக்கு ஓடிடும், ஐப்பசி கார்த்திகையில கொட்டுற மலையிலயே மாசி பங்குனியில குடிக்கிற தண்ணிக்கு குடத்தோட நடக்குற ஊருங்க இருக்கு. நம்ம பக்கம் மாதிரி எல்லா எடத்துலயும் போர் போட்டா தண்ணி வந்துடாது, அடியில பாறை. ஊத்தும் ஓடையும்தான் கதி.

ஆனா அந்த ஊத்து தண்ணியை அவங்க பயன்படுத்துற விதம் இருக்கே, அதை நம்ம ஆளுங்க அவசியம் பாக்கணும். காட்டுக்கு மேல எங்கேயோ இருக்குற ஊத்துலேர்ந்து கருப்பு பைப்பை மலை மடிப்பு வழியா இழுத்துட்டு வந்து தொட்டியில விடுவாங்க, சில எடத்துல நேரா ஸ்பிரிங்ளருக்கே போகும். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. பத்து மீட்டர் எறக்கம் இருந்தா சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் தானா கெடைக்கும், இருபது முப்பது மீட்டர் எறக்கம் அங்க சாதாரணம், அதனால ஸ்பிரிங்ளர் பாட்டுக்கு சுத்திட்டு இருக்கும். ஒரே ஒரு கஷ்டம், ஊத்துக்கு மேல நிலம் இருக்குறவனுக்கு இதுல ஒண்ணும் கெடைக்காது. உங்களுக்கு கடைமடைக்கு தண்ணி வந்து சேரல, அங்க மேல்காட்டுக்கு தண்ணி ஏற மாட்டேங்குது.

இன்னொண்ணு சொல்லணும். கொடைக்கானல் இருக்குற பழனி மலைத்தொடரோட தெக்கு சரிவு தண்ணி வைகைக்கு போகுது, வடக்கு சரிவு தண்ணி குதிரையாறு, சண்முகநதி, நங்காஞ்சி, குடகனாறுன்னு எறங்கி அமராவதியில சேந்து, கரூர் பக்கம் திருமுக்கூடலூர்ல காவிரிக்கு வந்துடுது. அது மேட்டூருக்கு கீழ சேர்ற தண்ணி. மேட்டூர் கதவு மூடியே இருந்தாலும் அமராவதியில வெள்ளம் வந்தா கல்லணைக்கு தெரியும். சோலைக்காடும் புல்வெளியும் இருந்த வரைக்கும் அந்த மலை மழையை பிடிச்சு வெச்சு மெதுவா விட்டுச்சு. புல்வெளி மேல தைல மரம், சீகை மரம், பைன் மரம்னு நட்டு தள்ளினப்புறம் ஊத்து வத்திப்போச்சுன்னு அங்க இருக்குற பெரியவங்க சொல்றாங்க, வனத்தை பத்தி படிச்சவங்களும் அதையேதான் சொல்றாங்க. நாம இங்க வாய்க்கா தூர் வாரலன்னு சண்டை போடுறோம், போடணும், அதே அளவுக்கு அந்த புல்வெளிக்காகவும் டெல்டாக்காரன் குரல் கொடுக்கணும்ங்கிறது என் கருத்து. அது நம்ம தண்ணி.

பாபநாசம் வாசகி: மலைப்பூண்டை வாங்கி எங்க கொல்லையில நட்டா வருமா?

தாள் வரும், பூண்டு வராதும்மா. பூண்டு திரள்றதுக்கு குளிர்ச்சி வேணும். ஆயிரம் மீட்டர் மேல ஏறினா சுமாரா ஆறரை டிகிரி வெப்பம் கொறையும், அந்த கணக்குல உங்க ஊருக்கும் பூம்பாறைக்கும் பன்னெண்டு டிகிரி வித்தியாசம். அங்க வருஷத்துக்கு ரெண்டு போகம், மே வாக்குலயும் நவம்பர் வாக்குலயும் போடுவாங்க. நீங்க கொல்லையில மஞ்சளும் சேப்பங்கெழங்கும் போடுங்க, அருமையா வரும்.

வலங்கைமான் வாசகி: எங்க அண்ணன் மகளுக்கு கொடைக்கானல் பக்கம் மேல்மலை கிராமத்துலேர்ந்து வரன் வந்திருக்கு. விவசாய குடும்பம், நல்ல மனுசங்கன்னு சொல்றாங்க. பொண்ணு இங்கேயே பொறந்து வளந்தவ. அங்க பொழப்பு எப்படி இருக்கும்னு சொல்லுங்களேன்.

அக்கா, நல்ல கேள்வி, நேரடியாவே சொல்றேன். குளிரு பழகிடும். மொத வருஷம் கஷ்டமா இருக்கும், மழை மாசத்துல தொவைச்ச துணி நாலு நாளானாலும் காயாது, காலையில பனி மூடினா எதிர் வீடு தெரியாது, மார்கழி தையில தண்ணியில கை வெச்சா வெறச்சிடும். ஆனா பொம்பளைங்களுக்கு உண்மையான பாரம் குளிரு இல்ல, காட்டு வேலை. பூண்டு காட்டுல களை எடுக்குறது பெரும்பாலும் பொம்பளைங்கதான், ஈர மண்ணுல குந்தி உக்காந்து சின்ன கொத்தால பூண்டு தாள் ஒடியாம ஒவ்வொரு களையா எடுக்கணும், நம்ம நடவு மாதிரி வரிசையா பாட்டு பாடிட்டு பின்னால நகந்து போற வேலை இல்ல, படியோட அகலத்துக்குள்ளயே ஒடுங்கி செய்யணும். புடுங்கினப்புறம் மண்ணு உதறி, தாளோட கத்தை கத்தையா கட்டி, அடுப்பு பொகை படுற மாதிரி மேல தொங்க விடுவாங்க, அந்த பொகைதான் பூண்டை மாசக்கணக்குல கெடாம வெச்சிருக்கும். வீடு பூரா அந்த வாசம் இருக்கும். அதோட வெறகு, மாடு, சமையல், பிள்ளைங்க.

நீங்க போய் விசாரிக்க வேண்டியது என்னன்னா, நிலம் எத்தனை ஏக்கர்ங்கிறதை விட அது ரோட்டுலேர்ந்து எவ்ளோ எறக்கத்துல இருக்குன்னு கேளுங்க, ஊத்து தண்ணியில அவங்களுக்கு மொறை உண்டான்னு கேளுங்க, பட்டா இருக்கான்னு பாருங்க, ஏன்னா காட்டு இலாகா நிலம் பக்கத்துலயே இருக்கும். ஊருக்கு பஸ் எத்தனை வேளை வருதுன்னு கேளுங்க. பிரசவம், அவசரம்னா பெரும்பாலும் கொடைக்கானலுக்குத்தான் ஓடணும், ராத்திரி பனியில வளைவு வளைவா இருக்குற ரோட்டுல போற தூரம் அது, இதை அவ புருஷன் வீட்டுல எப்படி சமாளிக்கிறாங்கன்னு வெக்கப்படாம கேளுங்க. சாயந்திரத்துக்கு மேல காட்டுமாடு ஊருக்குள்ளயே வரும், பாக்க சாதுவா நிக்கும், கிட்ட போனா தூக்கி எறிஞ்சிடும், அதனால இருட்டினா வெளிய தனியா போகக்கூடாதுன்னு அங்க கொழந்தைங்களுக்கே தெரியும், உங்க பொண்ணுக்கு புதுசு.

நல்லதும் சொல்லணும்ல. ஊரு ஒட்டு ஒட்டா வீடு, ஒருத்தர் வீட்டு காரியம்னா ஊரே வந்து நிக்கும், சரிவுல தனியா எவனும் பொழைக்க முடியாதுங்கிறதால வந்த பழக்கம் அது. பூம்பாறை குழந்தை வேலப்பர் கோவில் தேருக்கு வெளியூர்ல வேலைக்கு போன பிள்ளைங்கல்லாம் ஊரு வந்து சேரும். பேசி முடிக்கிறதுக்கு முன்னாடி பொண்ணையும் கூட்டிட்டு போங்க, சீசன்ல போகாதீங்க, ஐப்பசியில போங்க. மழையில அந்த ஊரை பாத்துட்டு அவ சரின்னு சொன்னா சரி.

பட்டுக்கோட்டை தென்னை விவசாயி: எங்களை கஜா அழிச்ச மாதிரி மலை ஊருக்கு புயல் பாதிப்பு இருக்குமா? உள்நாடுதானே?

கஜாவே அங்க போச்சுங்க. 2018 நவம்பர் 16 விடியக்காலையில வேதாரண்யம் பக்கம் கரையேறி உங்க தென்னையெல்லாம் சாய்ச்சிட்டு, அதே நாள் மேற்கால திண்டுக்கல் தாண்டி கொடைக்கானல் மலையிலயும் மரத்தை சாய்ச்சு ரோட்டை மறிச்சு மண்சரிவை உண்டாக்குச்சு. அங்க காத்தை விட மழைக்குத்தான் பயம். நமக்கு வெள்ளம்னா தண்ணி ஏறி நிக்கும், பயிர் அழுகும், வடிஞ்சா மண்ணு அங்கேயே இருக்கும், சில நேரம் வண்டல் கூட விட்டுட்டு போகும். அங்க பயிரோட சேந்து மண்ணும் போயிடும். நீலகிரியில 2009 நவம்பர் மழையில நாப்பது பேருக்கு மேல மண்சரிவுல செத்தாங்க. ஓடையை மறிச்சு கட்டடம் கட்டுறது, சரிவை ஜேசிபி வெச்சு செங்குத்தா வெட்டிட்டு தாங்குசுவர் கட்டாம விடுறது, இதெல்லாம்தான் பெரிய மழையில உயிரை எடுக்குது. படி வயலை ஒழுங்கா பராமரிக்கிற ஊரு இந்த விஷயத்துல எவ்வளவோ தேவலை, ஆனா ஆளு கெடைக்காம தரிசா விட்ட படியில சுவர் ஒரு எடத்துல விட்டுச்சுன்னா கீழ இருக்குறவன் காடும் சேந்து போகும்.

மாயவரம் கல்லூரி மாணவி: குறிஞ்சி பூ அடுத்து எப்ப?

2006, 2018, அடுத்து 2030. நடுவுல பூத்துச்சுன்னு போட்டோ வந்தா அது பெரும்பாலும் வேற ரக குறிஞ்சி, அந்த குடும்பத்துல நெறைய உண்டு தங்கச்சி.

திருவையாறு வாழை விவசாயி: பழனி பஞ்சாமிர்தத்துக்கு மலைவாழைதான் போடணும்னு சொல்றாங்களே, நம்ம பூவன் என்ன கொறைச்சல்?

பூவன்ல ஒரு கொறையும் இல்ல, ஆனா விருப்பாச்சி மலைவாழையில நீர்ச்சத்து கம்மி, அதனால பஞ்சாமிர்தம் இளகிப்போகாம நாள்பட நிக்கும். இது மேல்மலையில வெளையாது, அதுக்கு கொஞ்சம் கீழ தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர்னு கீழ்மலை ஊருங்க. உயரம் மாறினா ஊரே மாறிடும் பாருங்க, ஒரே தாலுகாவுல மேல பூண்டும் கேரட்டும், கீழ காப்பி, மிளகு, வாழை, ஆரஞ்சு. அதுவும் நம்ம வாழைத்தோப்பு மாதிரி தனியா நிக்காது, மேல நெழல் மரம், அது மேல மிளகு கொடி, நடுவுல வாழை, கீழ காப்பின்னு ஒரே நிலத்துல நாலு அடுக்கு.

1970களில் முடிக்கொத்து நோய் வந்து இந்த வாழையை கிட்டத்தட்ட தொடச்சே எடுத்துடுச்சு. அசுவினி பூச்சி பரப்புற வைரஸ் அது, குருத்து எலையெல்லாம் குறுகி கொத்தா நின்னுடும், தார் வராது, அந்த மரத்தோட பக்கக்கன்னை எடுத்து நட்டா நோயும் கூடவே வரும். அப்புறம் திசு வளர்ப்பு கன்னு கொடுத்துதான் மெல்ல மீட்டாங்க. விருப்பாச்சிக்கும் சிறுமலை வாழைக்கும் 2008ல புவிசார் குறியீடு கெடைச்சுது. உங்க தோப்புல அந்த மாதிரி ஒரு மரம் தெரிஞ்சா யோசிக்காம கெழங்கோட தோண்டி அழிச்சிடுங்க, பக்கத்து தோப்புக்காரர்கிட்டயும் சொல்லிடுங்க.

ஒரத்தநாடு வாசகர்: கொடைக்கானல் கேரட்னு நாங்க கிலோ அறுபது எழுபதுன்னு வாங்குறோம். அப்ப அந்த விவசாயி நம்மளை விட நல்லாத்தானே இருக்கணும்?

நீங்க கொடுக்குற காசு அவர் கைக்கு வர்றதுக்குள்ள கூலி, குதிரை வாடகை, லாரி வாடகை, கமிஷன் கடை, அப்புறம் உங்க ஊரு கடைக்காரர்னு பிரிஞ்சிடுது. நமக்கு டிபிசியில (அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையம்) மூட்டை நனையுது, எடை போட லேட்டு, கை காசு கேக்குறான்னு ஆயிரம் கொறை இருக்கு, எல்லாம் நெசம்தான், ஆனாலும் நெல்லுக்கு ஒரு விலைன்னு ஒண்ணு இருக்கு, 2025-26க்கு சாதா ரகத்துக்கு மத்திய அரசு ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபா, அதுக்கு மேல மாநில அரசு ஊக்கத்தொகை. கேரட்டுக்கும் பீன்ஸுக்கும் அப்படி எந்த விலையும் கிடையாது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல அன்னிக்கு லோடு ஜாஸ்தின்னா புடுங்குற கூலிக்கே கட்டாது, புடுங்காம விட்டா அடுத்த பயிர் போட முடியாது.

பூண்டு அந்த விதத்துல அவங்களுக்கு பெரிய தெம்பு. தொங்க விட்டு வெச்சு விலை வர்றப்ப வடுகபட்டி மார்க்கெட்டுக்கு எறக்கலாம். நானும் இதை ரொம்ப நாளா கவனிச்சுட்டு வர்றேன், மலையில எந்த பயிர் நெலைக்குதுங்கிறதை மண்ணு பாதி தீர்மானிக்குதுன்னா ரோடு பாதி தீர்மானிக்குது. ரோடு இல்லாத காலத்துல கெடாத, கனமில்லாத, காசு உள்ள பொருள்தான் மலையிலேர்ந்து எறங்குச்சு, பூண்டு, மிளகு, காப்பி, தேன். வெள்ளகவி மாதிரி ஊருல ரொம்ப வருஷமா குதிரை மேல ஏத்திதான் எல்லாத்தையும் கொண்டு வந்தாங்க, அங்க கேரட் போட்டா குதிரை வாடகைக்கே பத்தாது. கேரட்டும் கோசும் ரோட்டுக்கு பின்னால வந்த பயிருங்க. கொல்லிமலையிலயும் பாருங்க, சாமை, தினை, கேழ்வரகு போட்ட சரிவுல மரவள்ளி வந்துச்சு, காரணம் கீழ நாமக்கல், சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலை இருக்கு, லாரி மேல வருது. காசு வந்துச்சு, சாப்பாட்டுல சாமை போச்சு. அது வேணும்னோ வேணாம்னோ நாம இங்க உக்காந்து சொல்ல முடியாது, ஆனா சாமைக்கும் நெல்லு மாதிரி நம்பி விக்க ஒரு எடம் இருந்திருந்தா அவ்வளவு சீக்கிரம் அதை விட்டிருக்க மாட்டாங்க.

கும்பகோணம் வாசகர்: அண்ணே, குடும்பத்தோட பூம்பாறை போய் பாக்கணும்னு ஆசை. எப்ப போகலாம்? என்ன வாங்கலாம்?

திருச்சி, திண்டுக்கல், வத்தலகுண்டு வழியா ஏறுங்க. 2024 மே மாசத்துலேர்ந்து கொடைக்கானலுக்கு வண்டியில போக இ-பாஸ் வேணும், ஆன்லைன்லயே எடுத்துடலாம். கொடைக்கானல்லேர்ந்து பூம்பாறை இருபது கிலோமீட்டர் கிட்ட, போற வழியில மேல ரோட்டுலேர்ந்தே ஊரு முழுசா தெரியும். மே மாசம் வேணாம், கூட்டம் தாங்காது, பொங்கல் கழிச்சு போங்க, நம்ம பக்கம் சம்பா அறுப்புக்கு முன்னாடியோ பின்னாடியோ தோது பாத்து. படம் எடுக்குறேன்னு கல்லு சுவர் மேல ஏறாதீங்க, பிள்ளைங்களையும் ஏத்தாதீங்க, ஒரு கல்லு பேந்துச்சுன்னா அடுத்த மழையில அந்த படி அவங்களுக்கு இல்ல.

பூண்டு வாங்குறதா இருந்தா ரோட்டோர கடையை விட ஊருக்குள்ள வெளைவிச்சவங்க வீட்டுலயே கேளுங்க, மலைப்பூண்டுங்கிற பேருல வேற ஊரு பூண்டும் விக்கிறாங்க. 2019ல புவிசார் குறியீடு வாங்கின பூண்டு இது, வெள்ளையாவோ லேசா மஞ்சளாவோ இருக்கும், ஒரு பூண்டு இருபது முப்பது கிராம்தான் வரும், பொகை வாசம் இருக்கும், காரமும் நெடியும் தூக்கும். தாளோட கட்டின கத்தையா வாங்கிட்டு வந்து அடுப்படியில காத்தோட்டமா தொங்க விடுங்க, பிளாஸ்டிக் கவர்ல போட்டு பிரிட்ஜ்ல வெச்சா மொளை விட்டுடும்.